துடைச்சாச்சா?

சோப்பு போதவில்லை. சலவைத்தூளை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, பாத்திரம் தேய்க்கும் நாரை எடுத்து, தோல் சிவக்கும்வரை தேய்த்தார். தண்ணீர் சாம்பல் நிறத்தில் ஓடியது. நகக்கண்ணில் ஏறியிருந்த கருநீலம் மட்டும் அசையவில்லை.

“மாமா, இன்னும் எவ்வளவு நேரம் கை கழுவுவீங்க? வந்தவங்க எல்லாம் கேக்கறாங்க. வந்து அக்கா பக்கத்துல உக்காருங்க.”

குளியலறை வாசலில் நின்றது அவருடைய மனைவியின் தங்கை. ஐம்பத்தெட்டு வயதாகியும் இந்த வீட்டில் அவள் ‘சின்னவள்’தான்.

“நீ போ. வரேன்.”

“சட்டையையாவது மாத்துங்க. முதுகு பூரா கறை.”

அவர் குழாயை மூடினார். சட்டையை மாற்றவில்லை. கூடத்துக்குள் வரும்போது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கூடத்தின் நடுவில், பெஞ்சின் மேல், மனைவி படுத்திருந்தாள். கழுத்துவரை வெள்ளை விரிப்பு. காலை ஏழுக்குக் கால் மணி இருக்கும்போது போனவள். நான்கு மணிக்கு வண்டி வரும். அவர் தலைமாட்டில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். விரிப்புக்கு வெளியே அவளுடைய வலது கை கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. பிடித்துக்கொள்ளத்தான் அந்த இடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் பிடிக்கவில்லை. இரண்டு நிமிடத்தில் எழுந்துவிட்டார்.

உள்ளறை வாசல்வரை போய்த் திரும்பினார். தண்ணீர் குடித்தார். மறுபடி போனார். வந்திருந்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம், “பாவம், இருப்புக் கொள்ளல மனுஷனுக்கு” என்றாள். அந்தப் பக்கத்துப் பெண், “அதுக்காகப் பக்கத்துல அஞ்சு நிமிஷம் உக்காரக் கூடாதா?” என்றாள்.

சின்னவள் வந்தவர்களுக்கெல்லாம் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“காலைல ஆறரைக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. கட்டிலோட தலைப்பக்கம் ஏத்தினா சரியாயிடும். எப்பவும் அப்படித்தான். மாமா கைப்பிடியைச் சுத்தறாரு, பாதியில நின்னு போச்சு. அசையவே மாட்டேங்குது! வாடகைக் கட்டில். எந்தக் காயலாங்கடையில பொறுக்கினானோ!”

எட்டு மணிக்குச் சொன்னபோது கட்டில்காரன் வெறும் அலட்சியக்காரனாக இருந்தான். ஒன்பது மணிக்கு ஏமாற்றுக்காரன் ஆனான். இப்போது பதினொன்று. கொலைகாரன் ஆகிவிட்டான்.

மகன் சுவரில் சாய்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அம்மாவைப் பார்க்கவென்று ரயிலேறி வந்தவன். ஒன்பதரைக்கு வாசலில் பையோடு நின்றபோது, அங்கே கிடந்த செருப்புகளின் எண்ணிக்கையைப் பார்த்தே புரிந்துகொண்டான்.

“கட்டில்காரனுக்கு ஃபோன் பண்ணிட்டேன். வந்து எடுத்துக்கறேன்னான். வரட்டும்” என்றான்.

“வரட்டும்” என்றாள் சின்னவள்.

அவர் எழுந்து உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கட்டில் பாதி ஏறிய நிலையில் அப்படியே நின்றது. கால்மாட்டில் கைப்பிடி. அதைச் சுற்றினால், அடியில் ஒரு நீளத் திருகு சுழன்று தலைப்பக்கத்தைத் தூக்கும். மூச்சு வாங்கும்போது அவளுக்கு இருபத்திரண்டு சுற்று வேண்டும். அதற்குக் குறைந்தால் மூச்சு முட்டும். இன்று காலை ஒன்பதாவது சுற்றில் நின்றுபோனது.

கட்டிலின் காலில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ‘எண்ணெய், கிரீஸ் எதுவும் போட வேண்டாம். சத்தம் வந்தால் எங்களை அழைக்கவும்.’

கட்டில் வந்த அன்று இதைப் படித்துவிட்டு அவர் வாய்விட்டுச் சிரித்திருந்தார். “யாருகிட்ட சொல்றான் பாரு!”

முப்பத்தெட்டு வருஷம் பாட்டில் நிரப்பும் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு எண்ணெயும் கிரீஸும் வைக்கும் பிரிவின் ஃபோர்மேன். அங்கே அவருக்குப் பட்டப்பெயரே ‘துடைச்சாச்சா’. கிரீஸ் டப்பாவை எவன் கையில் எடுத்தாலும், எங்கிருந்தாவது குரல் வரும்: “துடைச்சாச்சா?” பழையதைச் சுத்தமாக வழித்து எடுக்காமல் புதியதை வைக்கக் கூடாது. கிரீஸ் என்பது எண்ணெயைக் குடித்து வைத்திருக்கும் பஞ்சு மாதிரி. சிலது சோப்பு வகையில் செய்தது, சிலது ஒருவகைக் களிமண்ணில் செய்தது. தனித்தனியாக எல்லாமே நல்லவை. ஒத்துக்கொள்ளாத இரண்டைச் சேர்த்தால், ஒன்றையொன்று கெடுத்துக்கொண்டு, பிடித்து வைத்திருந்த எண்ணெயை நழுவவிட்டுவிடும். கடைசியில் இரும்பின் மேல் மிஞ்சுவது காய்ந்த சேறு.

இரண்டு வாரத்துக்கு முன்னால் கட்டில் கத்த ஆரம்பித்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கிறீச்.

“ஊர்ல உள்ள மெஷினுக்கெல்லாம் கிரீஸ் வச்சீங்க. என் கட்டில் மட்டும் பூனை மாதிரி கத்துது” என்றாள் அவள்.

போதாதா? அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்தார். ஓய்வு பெற்ற அன்று பிரிவில் எல்லோரும் சேர்ந்து கொடுத்த நீல நிற லித்தியம் கிரீஸ், முதல் தரம். கட்டிலுக்கு அடியில் படுத்துப் பார்த்தார். திருகில் ஏற்கெனவே வெளிர் மஞ்சளாக ஏதோ இருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தார், முகர்ந்தார். என்ன வகையென்று பிடிபடவில்லை.

கழற்றித் துடைக்க வேண்டும். அதற்கு அவளை இறக்க வேண்டும்.

“இறக்காதீங்க. நேத்து இறக்கினப்ப உயிரே போயிடுச்சு. அப்படியே மேலாப்ல வச்சுடுங்களேன்.”

மேலாக வைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் துடைக்காமல் வைத்தார். கைப்பிடி வெண்ணெய் மாதிரி சுழன்றது. சத்தமே இல்லை. “இப்பத்தான் நிம்மதி” என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

நேற்று மாலை கட்டிலுக்கடியில் தரையில் நான்கைந்து எண்ணெய்ச் சொட்டுகள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனால் அவள் இரண்டு நாளைக்குப் பிறகு அப்போதுதான் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நாளைக்கு மகன் வருகிறான், இரண்டு பேராகத் தூக்கி இறக்கிவிட்டு வழித்துவிடலாம் என்று நினைத்து, துணியால் தரையைத் துடைத்துவிட்டு வந்துவிட்டார்.

தரையில் இப்போது புதிதாக ஏழெட்டுச் சொட்டுகள்.

கதவைத் தட்டினார்கள். “அண்ணே, நான்தான்.”

லேத்துக்காரர். தொழிற்சாலையில் பக்கத்துப் பிரிவு. உள்ளே வந்து, கட்டிலைப் பார்த்து, அவரைப் பார்த்து, தோளைத் தொட்டார். பிறகு பழக்க தோஷத்தில் கைப்பிடியை அசைத்துப் பார்த்தார்.

“கல்லு மாதிரி இருக்கே. என்ன கண்றாவியை வச்சானாம் அந்தக் கட்டில்காரன்? நம்ம துடைச்சாச்சா வீட்டுலயே இப்படியா?”

சொன்ன பிறகுதான் சாவு வீட்டில் பட்டப்பெயரைச் சொல்லிவிட்டோம் என்று உறைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். இவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

கட்டில்காரர் ஒல்லியாக, தொப்பியோடு இருந்தார். படியேறும்போதே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கூடத்தில் ஒரு நிமிடம் தலைகுனிந்து நின்றுவிட்டு உள்ளறைக்கு வந்தார். பின்னாலேயே மகன். அவன் பின்னால் சின்னவள்.

“எங்கம்மாவுக்கு மூச்சு முட்டுது, உங்க கட்டில் ஏறல. தெரியுமா?” என்றான் மகன்.

“தம்பி, முதல்ல பாத்துடறேன்.”

டார்ச்சை அடித்துக்கொண்டு அடியில் படுத்தார். அவருடைய கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. காலையில் கட்டிலைச் சரிசெய்ய அடியில் புகுந்தபோது தன் கால்களும் இப்படித்தான் நீட்டிக்கொண்டிருந்திருக்கும் என்று கிழவருக்குத் தோன்றியது. ஒரு நிமிடம் கழித்து கட்டில்காரர் வெளியே வந்தார். ஆள்காட்டி விரல் நுனியில் சாம்பல் சேறு, அதில் நூல் போல ஒரு நீலக் கோடு.

அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கட்டில் காலில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி, முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டியிருந்த கிழவரைப் பார்த்தார். பின்னாலிருந்த அலமாரிக் கண்ணாடியில் அந்தக் கைகள் தெரிந்தன.

கட்டில்காரர் விரலைத் தன் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

“பழைய கட்டில் தம்பி. திருகு தேஞ்சிருக்கு. பாத்துக் குடுத்திருக்கணும். தப்புதான்.”

“தப்புதானா?” மகன் அவருடைய சட்டைக் காலரைப் பிடித்துவிட்டான். “அவ்வளவு சுலபமாச் சொல்லிட்டீங்க? பதினோரு மணி நேரம் ரயில்ல வந்தேன்யா. மூணு மணி நேரம். மூணே மணி நேரம் அவங்க இருந்திருந்தா…”

“நான் அப்பவே சொல்லல?” என்றாள் சின்னவள்.

கட்டில்காரர் திமிறவில்லை. தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

“விடுடா அவரை.”

மகன் திரும்பினான்.

“அவர் வச்ச கிரீஸ்ல ஒரு கோளாறும் இல்ல. அதுமேல நான் வச்சேன். என் டப்பாவுலேருந்து.” கைகளை முன்னால் கொண்டுவந்து காட்டினார். “ரெண்டும் சேரல.”

லேத்துக்காரர் தரையைப் பார்த்தார். கூடத்தில் யாரோ இருமினார்கள்.

மகன் காலரை விட்டான். ஏழு வயதில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டபோதும், பன்னிரண்டு வயதில் மின்விசிறியைக் கழற்றியபோதும், கல்யாணமான பிறகு மாவு அரைக்கும் மெஷினைத் தொட்டபோதும் அப்பாவின் அந்த ஒரே கேள்வி காதில் விழுந்தே வளர்ந்தவன்.

“நீங்களா?” என்றான். “துடைக்காமலா?”

“அம்மா படுத்திருந்தா. இறக்கினா வலிக்கும்னா.”

மகன் ஜன்னல் பக்கம் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தான். திட்டினால் தேவலை என்று அப்பாவுக்கு இருந்தது. அவன் திட்டவில்லை.

கட்டில்காரர்தான் பேசினார். “ஐயா, எல்லார் வீட்டுலயும் ஏதாவது போடத்தான் செய்வாங்க. ஒருத்தர் தலைக்குத் தேய்க்கற எண்ணெயையே ஊத்தி வச்சிருந்தாரு. நீங்களாவது கிரீஸ் போட்டீங்க.” கொஞ்சம் தயங்கினார். “ரெண்டு மணிக்கு இது இன்னொரு வீட்டுக்குப் போகணும். அவருக்கும் மூச்சுதான். போற வழியில கடையில குடுத்து…”

“கடையில யாரு செய்வா?”

“பையன் ஒருத்தன் இருக்கான். மேலாப்ல கொஞ்சம்…”

“இருங்க” என்றார் அவர். “இப்படியே போகக் கூடாது.”

அலமாரிக்குக் கீழிருந்து கருவிப் பெட்டியை இழுத்தார். முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தார். இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி, திருகை வெளியே இழுக்கப் பார்த்தார். வரவில்லை. லேத்துக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார். இரண்டு கிழவர்களும் சேர்ந்து இழுத்ததில் ஒரு முனகலோடு கழன்று வந்தது.

கதவருகே எட்டிப் பார்த்த ஒரு உறவினர், “இதெல்லாம் இப்பவா?” என்றார்.

“இப்பத்தான்” என்றார் லேத்துக்காரர், தலையைத் தூக்காமல்.

பழைய தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றித் திருகை அதில் போட்டார்கள். பழைய பல்துலக்கியால் மரை மரையாகத் தேய்த்தார் அவர். சாம்பலும் நீலமும் கரைந்து, தட்டு சாக்கடை நிறமானது. லேத்துக்காரர் அரத்தை எடுத்து, இரும்பு கீறிப் பிசிறு கிளம்பியிருந்த இடத்தைச் சமன் செய்தார். துணி வேண்டியிருந்தது. கையை நீட்டினார். யாரோ ஒரு துணியை வைத்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் மகன். அவனும் உட்கார்ந்தான். திருகின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

மண்ணெண்ணெய் வாசனை கூடம்வரை போனது.

சின்னவள் மட்டும் போகாமல் கதவில் சாய்ந்து நின்றாள்.

அவர் திருகைத் துடைத்தபடியே கேட்டார்: “காலைல நான் அடியில இருந்தப்ப அவ ஏதோ சொன்னா. எனக்குச் சரியாக் கேக்கல. ஸ்பானர் சத்தம். என்ன சொன்னா?”

“ஒண்ணும் இல்ல மாமா.”

“சொன்னா. உன்கிட்டதான் சொன்னா.”

சின்னவளின் கண்கள் கட்டிலின் மேல் நின்றன. அந்தப் பாதிச் சாய்வில், அக்காவைத் தன் நெஞ்சோடு சாய்த்துப் பிடித்து உட்கார்ந்திருந்த இடம் அது.

“சட்டையைச் சொன்னா.”

“என்ன சட்டை?”

“இதோ, இந்தச் சட்டைதான். பையனைக் கூப்பிட ஸ்டேஷனுக்குப் போறதுக்காக அவளே எடுத்து வைக்கச் சொன்ன சட்டை. ‘வெள்ளைச் சட்டையோட அடியில போயிட்டாரு பாருடி. போதும், வெளிய வரச் சொல்லு’ன்னா.”

துணி நின்றது.

“நீ சொல்லலியே.”

“சொல்லல மாமா.” அவளுடைய குரல் உடைந்தது. “ரெண்டு தடவை சொன்னா. கட்டில் ஏறினாதான் பொழைப்பான்னு நெனச்சேன். நீங்க வேலையில இருக்கீங்க, கூப்பிட்டா நின்னுடுமேன்னு… நான் அவளைத்தான் பேசாதேன்னு அதட்டினேன். அப்புறம் பேசல.”

காலையில் ‘மாமா’ என்று அவள் அலறியது அவருக்கு நினைவிருந்தது. கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வந்து நிமிர்ந்தபோது, மனைவியின் முகம் ஏற்கெனவே வேறாக இருந்தது.

“கால் மணி நேரம் அடியில இருந்திருக்கேன்” என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

சின்னவள் முகத்தை மூடிக்கொண்டாள். காலையிலிருந்து கட்டில்காரரைத் திட்டித் தீர்த்தவள், இப்போது அவர் முன்னாலேயே அழுதாள். அவர் தொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திருகு பளபளத்தது. நீல டப்பா பெட்டிக்குள்ளேயே இருந்தது. அவர் அதைத் தள்ளிவைத்துவிட்டு, கட்டில்காரரிடம் கையை நீட்டினார்.

“உங்களதைக் குடுங்க.”

கட்டில்காரர் வண்டியிலிருந்து தன் டப்பாவை எடுத்து வந்தார். மூடியைத் திறந்து கொடுக்கப் போனவரிடமிருந்து மகன் அதை வாங்கினான். திருகை ஒருமுறை உருட்டிப் பார்த்தான். விரல் நகத்தால் மரையின் பள்ளத்தில் சுரண்டி, நகத்தைப் பார்த்தான். சுத்தமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் அப்பாவின் கையில் டப்பாவைக் கொடுத்தான்.

மாட்டி முடித்ததும் அவர் கால்மாட்டுக்குப் போய்க் கைப்பிடியைச் சுற்றினார். முதலில் கட்டையாக, ஒன்பதைத் தாண்டியதும் இலகுவாக. பதினைந்து. இருபது. இருபத்திரண்டில் நிறுத்தினார். தலையணையும் விரிப்பும் இல்லாத வெறும் மெத்தை நிமிர்ந்து நின்றது. எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“படுக்கப் போட்டாத்தான் ஐயா வண்டியில ஏறும்” என்றார் கட்டில்காரர், மிகவும் மெதுவாக.

“ஆமா” என்றார் அவர். ஆனால் கைப்பிடியை விட்டு நகர்ந்துகொண்டார். மகன் வந்து இறக்கினான்.

கட்டிலைக் கூடத்தின் வழியாகத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவில், மகன் ஒரு பக்கம், கட்டில்காரர் ஒரு பக்கம், எதன்மீதும் இடிக்காமல் சாய்த்துச் சாய்த்துத் தூக்கிப் போனார்கள். வாசலில் மகன் கட்டில்காரரிடம் ஏதோ சொன்னான். அவர் மகனின் காலர் இருக்கும் இடத்தைத் தட்டிக் கொடுத்துவிட்டு வண்டியேறினார்.

“மாமா, கை கழுவிட்டு வாங்க. மண்ணெண்ணெய் இருக்கு” என்றாள் சின்னவள்.

அவர் குளியலறைப் பக்கம் நான்கு அடி வைத்தார். நின்றார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

கல்யாணமான புதிதிலிருந்தே மனைவிக்கும் அவர் கைக்கும் தகராறு. ஸ்விட்சில், குளிர்பெட்டிக் கதவில், பேப்பரின் மூலையில், குழந்தையின் சட்டையில், எங்கும் அவர் விரல் கறுப்பாகப் பதிந்திருக்கும். ஈரத்துணியும் கையுமாகப் பின்னாலேயே வருவாள். “நீங்க வீட்ல எங்கெங்க போனீங்கன்னு போலீஸ்கூட வேண்டாம், நானே சொல்லிடுவேன்” என்பாள்.

இந்தமுறை எழுந்திருக்கவில்லை. விரிப்புக்கு வெளியே நீண்டிருந்த அவளுடைய கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். கூடத்தில் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். மகன் வந்து தரையில், அவர் காலருகே உட்கார்ந்தான்.

மூன்றே முக்காலுக்கு வண்டி வந்துவிட்டதாகச் சொன்னார்கள். அவர் அவளுடைய கையை விரிப்புக்கு உள்ளே வைத்து, ஓரத்தை இழுத்து மூடினார். எழுந்து தள்ளி நின்றார்.

வெள்ளை விரிப்பின் விளிம்பில் ஒரு கட்டைவிரல், ரேகை ரேகையாக, கருநீலமாகப் பதிந்திருந்தது.

சின்னவள்தான் முதலில் பார்த்தாள். கையில் ஈரத்துணி இருந்தது. குனிந்தாள். துணியை விரிப்பின் அருகே கொண்டுபோனாள்.

பிறகு அதை மடித்துத் தன் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, தூக்குபவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.